யார் விடுவிக்க வேண்டும்? கைபேசி ஃபர்ம்வேரில் நினைவகக் கசிவு

ஜிஎஸ்எம் (2ஜி) அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது கைபேசி 480 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கோபுரத்துக்கு ஓர் அளவீட்டு அறிக்கை அனுப்புகிறது. தான் இருக்கும் செல்லின் (கோபுரச் சிக்னல் பரவும் பகுதி) சிக்னல் எவ்வளவு, அண்டை செல்களின் சிக்னல் எவ்வளவு என்ற சிறு பட்டியல் அது. அதைத் தயாரிக்க ஹீப்பிலிருந்து (வேண்டும்போது வாங்கித் திருப்பித் தரும் பொது நினைவகம்) 16 பைட் வாங்கி, அனுப்பியபின் திருப்பித் தர மறந்த ஒரு ஃபர்ம்வேரை (கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பேச்சில் 7,500 அறிக்கைகள்; 16 பைட் வீதம் 1,20,000 பைட். ஒவ்வொரு துண்டுக்கும் ஹீப் மேலாளர் தன் கணக்குக்காக எடுத்துக்கொள்ளும் 8 பைட்டையும் சேர்த்தால் 1,80,000. ஹீப்பில் 300 கிலோபைட் மட்டுமே மிச்சமிருக்கும் எளிய பட்டன் கைபேசி இரண்டு மணி நேரப் பேச்சைத் தாங்காது.

இது நல்ல கசிவு. சோதனையின் முதல் நாளிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொல்லை தருவது இன்னொரு வகை. ஓய்வில் கிடக்கும் கைபேசியும் தான் எங்கே இருக்கிறது என்று அவ்வப்போது வலையமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதைக் கைபேசி தீர்மானிப்பதில்லை. டி3212 என்ற டைமருக்கு வலையமைப்பு அறிவிக்கும் எண்ணைப் பொறுத்து அது 6 நிமிடமாகவும் இருக்கலாம், 25.5 மணி நேரமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் 48 பைட் கசிகிறது என்றால், ஒரு மணி நேர இடைவெளி வைத்திருக்கும் வலையமைப்பில் நாளொன்றுக்கு 1,152 பைட் போகும். அதே 300 கிலோபைட் தீர ஏறத்தாழ 267 நாள் ஆகும். இடைவெளி 6 நிமிடமானால் 27 நாளுக்குள் தீர்ந்துவிடும். மென்பொருள் ஒன்றே, பிழையும் ஒன்றே. ஒரு வலையமைப்பில் அது இருப்பதே தெரியாது. இன்னொன்றில் மாதம் தவறாமல் கைபேசி தானாக அணைந்து எழும். சோதனைக்கூடத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்திட்டவரை யாரும் குறை சொல்ல முடியாது.

நினைவகக் கசிவு என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நிரல் கேட்டு வாங்கிய நினைவகத் துண்டு, வேலை முடிந்த பிறகும் திரும்பி வராமல் நின்றுவிடுவது. சி மொழியில் மாலக் என்று வாங்கி ஃப்ரீ என்று விடுகிறோம். இரண்டாவது விடுபட்டால் கசிவு. பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடும். அதை நம்பிக் களத்தில் இறங்குபவர், விடுபட்ட ஃப்ரீயைத் தேடிப் போட வேண்டியதுதானே என்று நினைப்பார். கைபேசி ஃபர்ம்வேரில் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் கசிவுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. அந்த ஃப்ரீயைப் போட வேண்டியவர் யார் என்பதே அங்கே முடிவாகியிருக்காது.

அணையாத நிரல்

கணினியில் ஒரு நிரல் கசிந்தால், அதை மூடியதும் இயங்குதளம் மொத்த நினைவகத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. அரைகுறையாக எழுதிய நிரல்கூட அங்கே பிழைத்துப் போகும். கைபேசியின் தகவல்தொடர்பு மென்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. ரேடியோவைக் கவனிக்கும் டாஸ்க் (தனியாக ஓடும் வேலைக்கூறு), அழைப்பைக் கவனிக்கும் டாஸ்க், சிம் அட்டையுடன் பேசும் டாஸ்க் எல்லாம் மின்சாரம் வந்ததும் தொடங்கி, அது போகும்வரை ஓடுகின்றன. இடையில் முடிவே இல்லை. எளிய கைபேசிகளில் இவை அனைத்தும் ஒரே முகவரி வெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தத் துண்டு யாருடையது என்று இயங்குதளத்துக்குத் தெரியாது. எனவே பிடுங்கவும் முடியாது.

இடமோ குறைவு. பட்டன் கைபேசிகளுக்கான சிப்களில் மொத்த ரேமே 4 மெகாபைட் என்பது சாதாரணம். 240க்கு 320 புள்ளி கொண்ட திரையின் ஒரு முழுப் படத்துக்கு, புள்ளிக்கு 2 பைட் வீதம், 1,53,600 பைட் போய்விடும். வலையமைப்போடு பேசும் புரோட்டோகால் அடுக்குகள், ஒலி, கேமரா எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் தினசரி வாங்கலும் விடுதலும் நடக்கிறது.

அறிகுறி தோன்றும் இடமும் கசிவு இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். நினைவகம் குறையும்போது முதலில் அடிவாங்குவது, இருப்பதிலேயே பெரிய துண்டைக் கேட்பவர். அது பெரும்பாலும் கேமராவாகவோ படம் காட்டும் செயலியாகவோ இருக்கும். கேமரா திறக்கவில்லை என்ற புகார் கேமராக் குழுவின் மேசைக்குப் போகிறது. அவர்கள் தங்கள் நிரலை வரிவரியாகப் படித்துவிட்டு, எங்களிடம் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். மூன்று வாரமாக 48 பைட் வீதம் விழுங்கியது வேறெங்கோ இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 300 கிலோபைட் காலியாக இருந்தும் 150 கிலோபைட் கேட்டால் கிடைக்காமல் போகலாம். காலியிடம் முழுவதும் சிறு சிறு துணுக்குகளாகச் சிதறிக் கிடந்தால் அப்படித்தான் ஆகும். இது கசிவு அல்ல, சிதறல். ஹீப் மேலாளரின் தரத்தையும் இது பொறுத்தது. சிறு சாதனங்களுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ் தரும் ஐந்து வகை ஹீப்களில் முதலாவது, எதையும் விடுவிப்பதே இல்லை, இரண்டாவது விடுவிக்கும், ஆனால் அடுத்தடுத்துள்ள காலித் துண்டுகளை ஒட்டாது, நான்காவது ஒட்டும். ஆகவே எந்த விசாரணையும் இரண்டு எண்களிலிருந்து தொடங்க வேண்டும்: மொத்தக் காலியிடம் எவ்வளவு, அதில் தொடர்ச்சியான மிகப் பெரிய துண்டு எவ்வளவு. முதலாவது நாளுக்கு நாள் இறங்கினால் கசிவு. முதலாவது நிலையாக நிற்க, இரண்டாவது மட்டும் இறங்கினால் சிதறல். இதைப் பார்க்காமல் கசிவு வேட்டையில் இறங்கி, இல்லாத திருடனைத் தேடி அலைந்த குழுக்கள் உண்டு. சில சமயம் ஒரு சிறு கசிவே சிதறலுக்கும் காரணமாகும். நடுவில் சிக்கிக்கொண்ட 16 பைட், இருபக்கமும் உள்ள பெரிய காலியிடங்களை ஒட்டவிடாமல் பிரித்துவைக்கும்.

கைமாறும்போது

மோடம் (வலையமைப்போடு பேசும் பகுதி) மென்பொருள் என்பது பெரும்பாலும் டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளால் ஆனது. அனுப்புபவர் ஒரு பஃபரை (தரவு வைக்கும் நினைவகத் துண்டு) வாங்கி, நிரப்பி, பெறுபவரின் வரிசையில் போடுகிறார். பெறுபவர் படித்துவிட்டு விடுவிக்கிறார். வாங்குவது ஒருவர், விடுவது வேறொருவர். இந்த உடன்படிக்கை கம்பைலருக்குத் தெரியாது. ஆவணத்தில் எங்காவது எழுதியிருக்கும். இல்லையென்றால் மூத்த பொறியாளர் ஒருவரின் தலைக்குள் இருக்கும்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பயனர் எண்ணைத் தட்டி அழைப்புப் பொத்தானை அழுத்துகிறார். அழைப்புக் கட்டுப்பாட்டு டாஸ்க், தனக்குக் கீழுள்ள அடுக்கிடம் இணைப்பு கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டு, இணைப்புக்காகக் காத்திருக்கும் நிலைக்குப் போகிறது. கீழடுக்கு கோபுரத்துடன் பேசி இணைப்பை உருவாக்குகிறது. இணைப்பு தயார் என்ற செய்தியை, வலையமைப்பு தந்த விவரங்களடங்கிய ஒரு பஃபரோடு சேர்த்து, மேலடுக்கின் வரிசையில் போடுகிறது. அது வரிசையில் காத்திருக்கும் அந்தச் சில மில்லிவிநாடிக்குள் பயனர் மனம் மாறித் துண்டிப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறார். முன்னுரிமை பெற்ற துண்டிப்புச் செய்தி முந்திக்கொள்கிறது. அழைப்புக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெற்று நிலைக்குத் திரும்புகிறது. பிறகுதான் வரிசையிலிருந்து, இணைப்பு தயார் என்ற செய்தியை எடுக்கிறது. வெற்று நிலையில் இந்தச் செய்திக்கு வேலையே இல்லை. செய்தி வகைக்கேற்பக் கிளை பிரிக்கும் சுவிட்ச் கூற்றின் கடைசியில், வேறெதிலும் பொருந்தாதவற்றுக்காக இருக்கும் டிஃபால்ட் கிளைக்குள் அது விழுகிறது. அங்கே எழுதியிருப்பது இவ்வளவுதான்: எதிர்பாராத செய்தி என்று லாகில் (நிகழ்வுப் பதிவேடு) பதி, வெளியேறு.

செய்தி அப்படியே கசிந்தது. கொஞ்சம் கவனமாக எழுதிய நிரலில் டிஃபால்ட் கிளையிலும் செய்தியை விடுவிக்கும் வரி இருக்கும். ஆனால் அது வெளிக்கட்டமைப்பை மட்டும் விடுவிக்கும்; அதற்குள் பாயிண்டராகத் (வேறிடத்தைச் சுட்டும் முகவரி) தொங்கும் பஃபரை விடாது. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளிருந்த கடிதத்தை மேசையிலேயே விட்டுவருவதைப் போன்றது இது. உள்ளே என்ன இருக்கிறது என்பது செய்தியின் வகையைப் பொறுத்தது. அந்த வகையை இந்த நிலையில் எதிர்பார்க்காததால்தானே டிஃபால்ட்டுக்கு வந்தது!

இந்த விபத்து நடக்க, விரலும் கோபுரமும் அந்த நொடித்துணுக்கில் சந்திக்க வேண்டும். சோதனையாளர் நாள் முழுக்க அழைத்துத் துண்டித்தாலும் அது சிக்காமல் போகலாம். கோடிக்கணக்கான கைகளில் இருக்கும்போது அது தினமும் எங்காவது நடந்துகொண்டே இருக்கும். ஃபர்ம்வேர் கசிவுகள் பெரும்பாலும் நேர்வழியில் இருப்பதில்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் பாதையைத்தான் எல்லோரும் பத்து முறை படித்திருப்பார்கள். சிக்னல் அறுந்தபோது, ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஹேண்டோவர் தோற்றபோது, சிம் பதில் சொல்லாதபோது, வரிசை நிரம்பியிருந்ததால் செய்தி அனுப்பவே முடியாமல் போனபோது என்ன ஆகிறது என்று யாரும் படிப்பதில்லை. கடைசியாகச் சொன்னது தனி ரகம். அனுப்பும் செயல்கூறு (ஃபங்ஷன்) தோல்வி என்று திரும்பினால் பஃபர் யாருடையது? அனுப்பியவரிடமே இருக்கிறதா, அல்லது செயல்கூறு தானே விடுவித்துவிட்டதா? ஒரே நிறுவனத்தின் இரண்டு நூலகங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதுண்டு.

வராத மூன்றாம் பகுதி

குறுஞ்செய்தியைப் பார்த்தால், கசிவில் இரண்டு ரகம் இருப்பது விளங்கும். ஒரு குறுஞ்செய்தி 140 பைட் சுமக்கும்; 7 பிட் குறியீட்டில் 160 எழுத்து, தமிழ் போன்ற மொழிகளுக்கான 16 பிட் குறியீட்டில் 70. அதற்கு மேல் நீண்டால் செய்தி துண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் 6 பைட் குறிப்பு ஒட்டப்படுகிறது: எந்தச் செய்தி, மொத்தம் எத்தனை பகுதி, இது எத்தனையாவது. எந்தச் செய்தி என்பதைச் சொல்லும் குறிப்பு எண் வழக்கமாக ஒரு பைட், அதாவது 256 மதிப்புகள் மட்டுமே.

மூன்று பகுதிச் செய்தியில் முதலும் இரண்டாவதும் வந்துவிட்டன, மூன்றாவது வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கைபேசி வந்த இரண்டையும் ஓர் அட்டவணையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எவ்வளவு நேரம்? நிரலில் அதற்கு விடை இல்லையென்றால், காலம் முழுவதும். இங்கே பாயிண்டர் தொலையவில்லை; அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. துண்டு தொலைந்துபோகவில்லை, மறக்கப்பட்டிருக்கிறது. சில மாதம் கழித்து அதே அனுப்புநரிடமிருந்து அதே குறிப்பு எண்ணோடு ஒரு புதிய செய்தி வருகிறது. 256தானே, எண் சுற்றி வந்துவிட்டது. அட்டவணையின் அதே இடத்தில் புதிய பாயிண்டர் எழுதப்படுகிறது. பழைய துண்டுகளைச் சுட்ட யாரும் இல்லை. இப்போது அவை உண்மையிலேயே தொலைந்துவிட்டன.

தொலைந்ததைக் கருவிகள் கண்டுபிடிக்கும். லினக்ஸ் கெர்னலில் 2009இல் 2.6.31 பதிப்போடு வந்த கேமெம்லீக், இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவி, எந்தப் பாயிண்டரும் சுட்டாத துண்டுகளைப் பட்டியலிடும். பயனர் நிரல்களுக்கு லீக்சானிட்டைசர் ஏறத்தாழ அதே தர்க்கத்தில் இயங்குகிறது. ஆனால் மறக்கப்பட்டதை எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடிக்காது. அட்டவணையில் இருக்கும் துண்டு இன்னும் தேவையா இல்லையா என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஜாவா போன்ற, குப்பையைத் தானே அள்ளும் மொழிகளிலும் கசிவு இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு நிகழ்வுக்காகக் காத்திருக்கப் பதிவுசெய்த லிசனரை நீக்க மறந்தால், குப்பை அள்ளுபவர் அதைக் குப்பையாகவே கருதமாட்டார். ரஸ்ட் மொழியும் கசிவுக்கு எதிராக உத்தரவாதம் தருவதில்லை. ஒன்றையொன்று எண்ணிக்கொண்டு வட்டமாகப் பிடித்துக்கொள்ளும் துண்டுகள் அதிலும் கசியும். விடுவித்த பின் தொடுவதையும் இருமுறை விடுவிப்பதையும் அது தடுக்கிறது. அது வேறு நோய்.

துண்டின் நெற்றியில் முகவரி

கசிவு தேடும் வால்கிரைண்ட் போன்ற கனமான கருவிகள் 4 மெகாபைட் சாதனத்தில் ஏறாது. மோடம் மென்பொருளைக் கணினியில் சிமுலேட்டராக ஓட்டும் வசதி இருந்தால் அங்கே அவற்றைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் நேரத்தைச் சார்ந்த பிழைகள் அங்கே தலைகாட்டாமல் போகலாம். சாதனத்திலேயே வேட்டையாட, ஹீப் மேலாளரைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டும்.

வழி பழையது, எளிது. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் சில பைட்டைக் கூடுதலாக ஒதுக்கி, வாங்கியவரின் திரும்பும் முகவரி (மாலக்கை அழைத்த இடத்தைக் காட்டுவது), டாஸ்க் எண், அளவு, வரிசை எண் ஆகியவற்றை எழுதிவைப்பது. ஆர்ம் செயலியில் திரும்பும் முகவரி எல்ஆர் என்ற பதிவகத்தில் தயாராக இருக்கிறது. எடுத்து எழுத ஓரிரு கட்டளை போதும். நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் தரும் மேப் கோப்பில் அந்த முகவரியைத் தேடினால் செயல்கூறின் பெயர் கிடைத்துவிடும்.

முதல் முறை செய்பவர் இங்கே ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். எல்லாத் துண்டுகளிலும் ஒரே முகவரிதான் இருக்கும். ஏனென்றால் யாரும் மாலக்கை நேரடியாக அழைப்பதில்லை. மாலக்கைச் சுற்றி எழுதிய, குழுவின் சொந்த உறைச் செயல்கூறு ஒன்று நடுவில் இருக்கிறது, பதிவாவது அதன் முகவரி. உறைச் செயல்கூறை மேக்ரோவாக்கி (அழைக்கும் இடத்திலேயே விரியும் நிரல் துணுக்கு), அழைத்த கோப்பையும் வரி எண்ணையும் கடத்துவதுதான் சரி. கோப்புப் பெயர்களை எழுத்தாக வைத்தால் ஃபிளாஷ் நினைவகம் வீங்கும். ஒவ்வொரு கோப்புக்கும் 16 பிட் எண் ஒன்று கொடுத்தால் வீங்காது.

இனி அளப்பது. கைபேசியை ஓய்வுத் திரையில் நிறுத்தி, உயிரோடிருக்கும், அதாவது வாங்கி இன்னும் விடுவிக்காத, துண்டுகளின் படத்தை (அந்த நொடிப் பட்டியலை) எடுக்க வேண்டும். ஒரு செயலைச் செய்து, மீண்டும் ஓய்வுத் திரைக்கு வந்து, இன்னொரு படம் எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் முறை செய்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எழுத்துரு, தற்காலிகச் சேமிப்பு, அட்டவணை எனப் பலதும் முதல் பயன்பாட்டில்தான் உருவாகி, நியாயமாகவே தங்கிவிடும். இரண்டாம் முறையிலிருந்து எண்ணத் தொடங்கி, செயலை ஒரு பகா எண்ணளவு, சொல்லப்போனால் 37 முறை, செய்வது கைகண்ட உத்தி. 100 முறை செய்தால், தற்செயலாக 100 அல்லது 50 என்று நிற்கும் எண்ணிக்கைகள் குழப்பும். ஒப்பீட்டுப் பட்டியலில் 37 என்றோ 74 என்றோ ஒரு வரி நின்றால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

சில சமயம் படம் எடுக்க வாய்ப்பே இருக்காது. களத்திலிருந்து வருவது செத்துப்போன கைபேசியின் நினைவகப் பிரதி மட்டும்தான். அதிலும் வேலை இருக்கிறது. ஹீப்பைத் தலையிலிருந்து கால்வரை நடந்து, துண்டுகளை அளவு வாரியாக எண்ணிப் பார்த்தால், இருபது முப்பது இருக்க வேண்டிய 48 பைட் துண்டு நாலாயிரம் இருக்கும். அவற்றில் சிலவற்றைத் திறந்து உள்ளே பார்த்தால் போதும். செய்தி எண் தெரியும், ஒரு தொலைபேசி எண் தெரியும், பாதி வந்த குறுஞ்செய்தியின் வாசகமே தெரியும். தலைப்பில் முகவரி எழுதாத வெளியீட்டுப் பதிப்பில்கூட, துண்டுக்குள் இருக்கும் தரவு யாருடையது என்று சொல்லிவிடும். (பயனரின் அந்தரங்கமும் அங்கேதான் இருக்கிறது. நினைவகப் பிரதிகளை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.)

ஹீப்பைச் சோதனைப் பதிப்பில் வேண்டுமென்றே சுருக்கிவைப்பது இன்னொரு தந்திரம். அதிகம் பேர் செய்வதில்லை. சிம் அட்டையோடு பேசும் தனித்தனி வழிகளான தருக்கச் சேனல்களைப் பாருங்கள். அடிப்படைச் சேனலைத் தவிர கூடுதலாக மூன்று மட்டுமே தரும் அட்டைகள் உண்டு. அவற்றில் சேனலைத் திறந்து மூட மறக்கும் பிழை, நான்காவது முயற்சியிலேயே அம்பலமாகிவிடும். வளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் கசிவு தெரியும். 267 நாள் காத்திருக்க முடியாதென்றால், காலியிடத்தை 300 கிலோபைட்டிலிருந்து 10க்கு இறக்குங்கள். டி3212 இடைவெளியைச் சோதனை வலையமைப்பில் 6 நிமிடமாக்குங்கள். ஒரே நாளில் விழும்.

தோல்வியை ஏவிவிடுதல்

பிழைப் பாதைகளில்தான் கசிவு என்றால், பிழைகள் தாமாக நடக்கும்வரை காத்திருப்பானேன்? இதை முறையாகச் செய்துகாட்டியது சிம்பியன். 1998இல் தொடங்கிய அந்த நிறுவனம், சயானின் கையடக்கக் கணினிகளிலிருந்து வந்த பரம்பரை. மாதக்கணக்கில் அணைக்காமல் வைத்திருக்கும் சாதனங்களுக்காகவே எழுதப்பட்ட இயங்குதளம் அது. அதன் சோதனைப் பதிப்புகளில் ஒரு மேக்ரோ இருந்தது: ஓரிடத்தில் குறியிட்டு, செயலை முடித்து, இன்னொரு இடத்தில் சரிபார்த்தால், இடையில் வாங்கிய துண்டு ஒன்று எஞ்சியிருந்தாலும் நிரல் அங்கேயே நின்றுவிடும். இன்னொரு மேக்ரோ, குறிப்பிட்ட எண்ணுள்ள மாலக்கைத் தோற்கச் செய்யும்.

இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது ஒரு சுழல். ஒரு செயலை ஓட்டு, முதல் மாலக் தோற்கட்டும். கசிவு உண்டா? மறுபடி ஓட்டு, இரண்டாவது தோற்கட்டும். இப்படியே செயல் தோல்வியின்றி முடியும்வரை. ஒரு செயலுக்குள் 60 மாலக் இருந்தால் 60 தோல்விப் பாதைகளும் ஒவ்வொன்றாக நடக்கப்படும். மனிதர் யாரும் வாழ்நாளில் தற்செயலாகத் தொட முடியாத மூலைகள் அவை. சிம்பியனில் நிரலெழுதுவது எரிச்சலூட்டும் வேலை என்று புலம்பாத பொறியாளர் இல்லை. ஒவ்வொரு பாயிண்டரையும் துப்புரவு அடுக்கில் (செயல் தோற்றால் விடுவிக்க வேண்டியவற்றின் பட்டியல்) ஏற்றி இறக்க வேண்டும். இரண்டு கட்டமாகப் பொருள்களை உருவாக்க வேண்டும். புலம்பல் நியாயமானது. ஆனால் அந்த அடுக்கு, ஒரு துண்டு இந்த நொடியில் யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வரியிலும் பதில் எழுதவைத்தது. சிம்பியன் போய்விட்டது. தோல்வியை ஏவும் சுழலை எந்தச் சி நிரலிலும் ஐம்பது வரியில் எழுதிக்கொள்ளலாம்.

ஃப்ரீயைப் போடும் முன்

கசியும் துண்டு தெரிந்துவிட்டது, வாங்கிய வரியும் தெரிந்துவிட்டது. வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது. டிஃபால்ட் கிளையில் ஒரு ஃப்ரீ போட்டால், இறங்கிக்கொண்டிருக்கும் காலியிட வரைபடம் நேராகிவிடும். போட்டுவிடலாமா?

பலமுறை இங்கேதான் கசிவு அதைவிட மோசமான ஒன்றாக மாறுகிறது. அந்த பஃபரின் பாயிண்டரை லாக் டாஸ்க்கும் வைத்திருக்கிறது, ஒரு டைமரும் வைத்திருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். நீங்கள் விடுவித்த நொடியில் அதே இடத்தை ஒலிக் குழு வாங்கிக்கொள்கிறது. டைமர் ஒலித்ததும், தன்னுடையது என்று நினைத்து அங்கே எழுதுகிறது. கசிவு என்பது மெதுவாகச் சாகும் கைபேசி. எங்கே சாகும், எப்போது சாகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். விடுவித்த பின் தொடும் பிழை, எங்கு வேண்டுமானாலும் வெடிக்கும். பாதுகாப்பு ஓட்டையாகவும் மாறும். காற்றில் வரும் செய்தியால் தூண்டக்கூடிய மோடத்தில் அது இன்னும் மோசம். அவசரத்தில் வைத்த ஃப்ரீயைவிட, தெரிந்தே விட்டுவைத்த 48 பைட் கசிவு மேல் என்பது என் கட்சி.

எனவே திருத்தம் வரியில் தொடங்குவதில்லை. அந்தத் துண்டை யார் யார் தொடுகிறார்கள் என்ற பட்டியலை முதலில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு நொடியிலும் அதற்கு ஓர் உரிமையாளர்தான் என்று நிலைநாட்ட வேண்டும். செய்தி விஷயத்தில், விடுவிக்கும் வேலையைச் சுவிட்சின் கிளைகளுக்குப் பகிர்ந்தளிக்காமல், செய்தியை வரிசையிலிருந்து எடுத்த மையச் சுழலிடமே கொடுத்துவிடுவது நல்ல தீர்வு. கிளை எதுவானாலும், திரும்பி வந்ததும் சுழல் விடுவிக்கும். உள்ளே தொங்கும் பஃபரை விடுவிக்கச் செய்தி வகைக்கு ஓர் அழிப்புச் செயல்கூறு இருக்கும். தனக்கு வேண்டும் என்று ஒரு கிளை நினைத்தால், வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அப்போது டிஃபால்ட் கிளை காலியாக இருந்தாலும் கசியாது. குறுஞ்செய்தி அட்டவணையில், ஓர் உருப்படியை அழிக்க ஒரே ஒரு செயல்கூறு. மேலெழுதுதல், காலாவதி, சிம் கழற்றல், பயனர் நீக்கல் எல்லாம் அதன் வழியாக மட்டுமே. காத்திருக்க ஒரு காலக்கெடு, அட்டவணைக்கு ஓர் உச்சவரம்பு. இவை எதுவும் ஒரு வரித் திருத்தமல்ல என்பதால் மேலாளர்களுக்குப் பிடிப்பதில்லை.

மாலக்கே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. கார் மென்பொருளுக்காக எழுந்த மிஸ்ரா சி விதிகள், சி மொழியோடு வரும் நூலகத்தின் மாலக்கையும் ஃப்ரீயையும் தடைசெய்கின்றன. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, தொடக்க நிலைக்குப் பிறகு நினைவகம் வாங்கக் கூடாது என்பது. காரின் பிரேக்குக்கும் விண்கலத்துக்கும் அது பொருந்தும். எந்த அளவில் படம் வரும், எத்தனை பகுதியில் செய்தி வரும் என்று தெரியாத கைபேசியில் முழுமையாகப் பின்பற்ற முடியாது. மோடம் அடுக்குகள் நடுவழியில் நின்றுகொண்டன: குறிப்பிட்ட சில அளவுகளில் முன்கூட்டியே வெட்டிவைத்த பஃபர் குளங்கள். அவற்றில் சிதறல் இல்லை. கசிவு இருக்கிறது, ஆனால் எந்தக் குளம் வற்றியது என்று பார்த்ததும் சந்தேக வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும்.

மறுதொடக்கம் என்ற போர்வை

ஸ்மார்ட்போனில் கிகாபைட் கணக்கில் ரேம் இருப்பதால் இந்தப் பேச்சு பழங்கதை ஆகிவிடவில்லை. 2014 நவம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 5.0இல், திரை அணையும்போது வரும் மங்கல் காட்சிக்காக உருவாக்கிய கிராஃபிக்ஸ் வளங்கள் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. திரையை அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் அமைப்பின் மையச் செயல்முறை வீங்கியது. செயலிகள் காரணமின்றி மூடப்பட்டன. ஒரு நாளில் ஒருவர் எத்தனை முறை திரையைத் தொடுகிறார் என்று எண்ணினால் வேகம் புரியும். சரியாக அணைத்து முடிக்கும் பாதை அது. படிக்காமல் விட்ட பாதை.

ஸ்மார்ட்போனுக்குள் இருக்கும் மோடம் தன் சொந்த நினைவகத்தோடு தனி உலகமாக இயங்குகிறது. அது கசிந்து விழுந்தால், பல சிப்களில் அது மட்டும் தானாக மறுதொடக்கம் ஆகிவிடும். பயனர் காண்பது சில விநாடி சிக்னல் கோடுகள் மறைவது. அவர் கோபுரத்தைத் திட்டுவார். தாங்குதிறன் என்ற வகையில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் விழுந்த ஒவ்வொரு முறையும் நினைவகப் பிரதியை எடுத்துப் பார்க்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில், அது கசிவுகளை மூடும் போர்வையாகிவிடுகிறது. அமைப்புகளுக்குள் இருக்கும், இரவில் தானாக மறுதொடக்கம் செய் என்ற வசதி பற்றியும் இதையே சொல்வேன். பயனருக்கு உதவிதான். எழுதியவர் தரப்பில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

திருத்தம் வேலை செய்கிறதா என்பதை இந்த நேரத்தில் எவ்வளவு காலி என்ற எண்ணை வைத்து முடிவுசெய்யக் கூடாது. அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதுவரை எட்டிய மிகக் குறைந்த காலியிடம் எவ்வளவு என்பதையே பார்க்க வேண்டும். ஃப்ரீஆர்டிஓஎஸ் இதற்கென்றே ஒரு செயல்கூறு வைத்திருக்கிறது; இல்லாத இடத்தில் நாமே ஒரு மாறியில் குறித்துக்கொள்ளலாம். பலவீனமான சிக்னலில், பாதியில் துண்டிக்கும் அழைப்புகளோடு, முழுமையடையாத குறுஞ்செய்திகளோடு கைபேசியை ஓடவிட்டால், அந்த எண் முதல் சில மணி நேரம் இறங்கி, பிறகு ஓரிடத்தில் நிற்கும். மூன்றாம் நாளும் 8 பைட் இறங்கியிருந்தால் திருத்தம் முடியவில்லை.